வாய்க்கால் கரையில் எட்டு வீடுகள்

என் மனைவிக்கு நெஞ்சில் காசநோய் என்று தெரிந்தபோது எங்கள் மூத்த மகளுக்கு ஒன்பது வயது. இளையவளுக்கு ஐந்து முடியவில்லை. எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. மறையூரில் எங்களுக்குப் படிப்படியாக இறங்கும் நான்கு கரும்பு வயல்கள் இருந்தன. மேல் வயலின் தலைமாட்டில் வீடு. வீட்டுக்குப் பின்னால், ஓடையிலிருந்து பிரிந்து வரும் வாய்க்கால்.

அவள் பிறந்தது பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அங்கே பக்கத்தில் இருந்த ஒரு ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். அவளுடைய அண்ணன் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க முடியும் என்பதுதான் காரணம். மறையூரிலிருந்து உடுமலை, உடுமலையிலிருந்து பொள்ளாச்சி, அங்கிருந்து இன்னொரு பஸ் என்று மூன்று பஸ் ஏறி இறங்கினால், பார்வை நேரம் முடிவதற்குள் போய்ச் சேரலாம். மூன்று வாரத்துக்கு ஒரு முறைதான் என்னால் போக முடிந்தது. குழந்தைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். அதனால் பிள்ளைகளைக் கூட்டிப்போகவே இல்லை.

பக்கத்துத் தெருவில் கட்டிக்கொடுத்திருந்த என் அக்கா காலையும் மாலையும் வந்து சமைத்துப்போட்டாள். பிள்ளைகளுக்குத் தலைவாரி விட்டாள். நான் வயலுக்கும் வெல்லம் காய்ச்சும் கொட்டகைக்குமாக அலைந்தேன். நான் அதிகம் பேசாத ஆள். பிள்ளைகளிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்பேன், "விளக்கு வெச்சாச்சு, உள்ள வா" என்பேன். அதற்கு மேல் அவர்களிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது. அதுவரை பேச வேண்டிய அவசியமும் வந்ததில்லை. பேசுவதற்கு அவர்களுடைய அம்மா இருந்தாள்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருக்கும். அன்று எங்களுடைய நீர்முறை. காலையில் மடையைத் திறக்கப் போனால், வீட்டுக்குப் பின்னால் கொய்யா மரத்தடியில் கரை உடைந்து தண்ணீர் காய்கறிப் பாத்திக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. அவசரம். பக்கத்தில் மேடாக இருந்த மண்ணை மண்வெட்டியால் நாலு வெட்டு வெட்டி உடைப்பில் போட்டு மிதித்தேன். வெட்டிய மண்ணோடு தேங்காய்ச் சிரட்டையும், வளையல் துண்டுகளும், ஒரு உடைந்த கண்ணாடியும் வந்தன. யாரோ குப்பையைக் கொட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து, அதையும் சேர்த்து மிதித்துவிட்டு வயலுக்கு இறங்கிவிட்டேன்.

மதியம் சாப்பிட வந்தபோது இளையவள் கொய்யா மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா, வீடு எங்க?"

"எந்த வீடு?"

"இங்க இருந்துச்சே."

எனக்குப் பசி, அலுப்பு. "வாய்க்கால் கரையில யாரு குப்பையக் கொண்டாந்து போடச் சொன்னா? கால்ல கண்ணாடி குத்தினா யாரு பார்க்கிறது?" என்று சத்தம் போட்டேன்.

அவள் அழவில்லை. திரும்பி வீட்டுக்குள் போனாள். அன்று மாலை சாப்பிடவில்லை. மறுநாள் காலையும் வாயைத் திறக்கவில்லை. பெரியவள் என் பக்கம் பார்க்காமலே பள்ளிக்கூடம் போனாள்.

அக்காதான் சொன்னாள். தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னாள்.

"அது குப்பையில்ல தம்பி. ரெண்டு பேரும் ஒரு மாசமா உக்காந்து கட்டுனாளுக. கன்னிமாருக்கு வீடாம். ஊருக்குப் போறதுக்கு முந்தின நாளு அவளுக அம்மா சொல்லிட்டுப் போயிருக்கா. இந்த வாய்க்காலுக்கு ஏழு கன்னிமாரு குளிக்க வருவாக, கட்டைவிரல் உசரந்தான் இருப்பாக, அவுக குடியிருக்கிற வீட்டுல நோய் அண்டாதுன்னு. அதான் கட்டுனாளுக. அம்மாவுக்கு நல்லாகணும்னு."

மண்வெட்டி தூக்கியபோது அந்தச் சிரட்டையைப் பார்த்தேனே, அதில் வாசல் மாதிரி ஒரு ஓட்டை இருந்ததே என்று அப்போதுதான் நினைவு வந்தது. பார்த்தும் பார்க்காமல் மிதித்திருக்கிறேன்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. கொட்டகைக்குப் போகாமல் வீட்டில் நின்றேன். பிள்ளைகள் இரண்டும் அடுப்படியில் அக்காவோடு ஒட்டிக்கொண்டிருந்தன. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "நான் தெரியாம மிதிச்சுட்டேன். என் தப்புதான். திரும்பக் கட்டலாம், எனக்கும் சொல்லிக்குடுங்க" என்றேன். பெற்ற பிள்ளைகளிடம் தப்பு என்று ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அக்கா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

இளையவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாது" என்றாள்.

"அதான் சொல்லிக்குடுக்கச் சொல்றேன்."

"கை பெருசா இருக்கு."

பெரியவள் சிரித்துவிட்டாள். பிறகு மூன்று பேரும் கொய்யா மரத்தடிக்குப் போனோம்.

நான் முதலில் கட்டிய வீட்டை அவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. எங்கள் ஊர்ப் பாறைகளில் முனியறைகள் உண்டு. பெரிய பெரிய பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பலகைக் கல்லை மூடி, எந்தக் காலத்திலோ யாரோ கட்டி வைத்தவை. அதே மாதிரி நாலு தட்டைக் கல்லை நட்டு மேலே ஒன்றை வைத்தேன். ஒரு பூனை தாராளமாகப் படுக்கலாம்.

"இது முனிக்கு. கன்னிமாரு இத்தினிக்கூண்டுதான்" என்று இளையவள் தன் கட்டைவிரலைக் காட்டினாள்.

பிரித்துவிட்டுச் சின்னக் கற்களைத் தேடினோம். ஓடைக்கரையில் ஒரு அணா அகலத்துக்கு மெல்லிய கற்கள் கிடைத்தன. அவற்றில் மூன்று வீடு. சிரட்டையைக் கவிழ்த்து வாசல் வெட்டியது இரண்டு. ஒரு தீப்பெட்டி வீடு. இன்னொன்றுக்குக் கரும்புச் சக்கையைக் கிழித்துச் சுவராகப் பின்னி, கரும்புத் தோகையால் கூரை வேய்ந்தேன். கொட்டகைக்குக் கூரை போட்டுப் பழகிய கை என்பதால் அது நன்றாக வந்தது. பெரியவள் ஈரப்பாறையிலிருந்து பாசியைத் தோலுரிப்பது போல் உரித்துக்கொண்டுவந்து புல்தரையாக விரித்தாள். கடுகும் கேழ்வரகும் தூவினோம். நாலைந்து நாளில் முளைத்து, கன்னிமாருக்குத் தோப்பாகிவிடும் என்றாள். வேலிக்குத் துடைப்பக்குச்சி. குளத்துக்கு அந்த உடைந்த கண்ணாடியையே மண்ணிலிருந்து தோண்டி எடுத்துக் கழுவி வைத்தோம்.

"கண்ணாடியில எப்படிக் குளிப்பாங்க?" என்று நான் கேட்டேன். உண்மையாகவே கேட்டேன்.

இருவரும் யோசித்தார்கள். அங்கேதான் என்னால் ஒரு காரியம் செய்ய முடிந்தது. தண்ணீர் விடுவது என் தொழில். பெரிய வாய்க்காலிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு கிளைக்கால் பிரித்தேன். ஒரு மூங்கிலைப் பிளந்து அதில் பாதியை மடையாக வைத்து, வீடுகளைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோய், மறுபடி வாய்க்காலிலேயே சேர வைத்தேன். ஒரு கூழாங்கல்லை எடுத்தால் தண்ணீர் வரும், வைத்தால் நிற்கும். இளையவள் அந்தக் கல்லை எடுத்து எடுத்து வைத்தாள். பாவாடை முழுக்க நனைந்தது. மதியம் என்னோடு உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டாள். அவள் சாப்பிடுவதை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததே இல்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது இதையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். வழக்கமாக அவள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, மழை, கரும்பு, அக்காவின் கால்வலி எல்லாம் சொல்லி முடித்தால் பத்து நிமிடம். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்று நான் மண்வெட்டியால் வெட்டி மிதித்ததில் தொடங்கினேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஐயோ, அழுவாச்சிய நிறுத்தறதுக்கு நாஞ்சும்மா சொன்னதுங்க அது. கட்டவெரல் ஒசரம்னெல்லாம் நானாச் சேத்துக்கிட்டது. அதெப் போயி நெசமாக் கட்டிப்போட்டாளுகளா?"

"ஏழு வீடு" என்றேன்.

"ஊட்டுக்கெல்லாம் கதவு இருக்குதுங்களா?"

எனக்குத் தெரியவில்லை.

"கோலம் போட்டிருக்காளுகளா? சின்னவ எதுல வெளையாடறா, பெரியவ அவளக் கிட்ட விடறாளா?"

அதுவும் தெரியவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இருமலும் வந்தது. இருமி முடித்து முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "ஏனுங்க, அடுத்த தடவ வரும்போது எல்லாத்தயும் நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

கட்டிலுக்கு அந்தப் பக்கம் மருந்துத் தட்டோடு நின்ற நர்ஸம்மா எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். கோட்டயம் பக்கத்துக்காரர் என்று மனைவி சொல்லியிருந்தாள். அவளுக்குத் தினமும் ஊசி போடுகிறவர் அவர்தான். நான் கிளம்பும்போது ஒரு காகிதப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். உள்ளே ஊசி மருந்து வந்த சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள், கட்டைவிரல் உயரத்தில், ஒரு பன்னிரண்டு இருக்கும். பஞ்சு உருளையைச் சுற்றி வரும் நீலத் தாளும் மடித்து வைத்திருந்தது.

"திளைச்ச வெள்ளத்துல கழுகிட்டுண்டு. பேடிக்கண்டா. குட்டிகளுக்குக் கொடுத்தோளு" என்றார். கொதிக்கிற தண்ணீரில் கழுவியாயிற்று, பயப்பட வேண்டாம், பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்பதை அவர் கையை ஆட்டியே எனக்குப் புரியவைத்தார்.

அந்தக் குப்பிகள் எங்கள் வீட்டில் நுழைந்த நாள் ஒரு திருவிழா. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு குப்பி, அதில் ஒரு தும்பைப் பூவோ காட்டுச் செவ்வந்தியோ. மீதிக் குப்பிகளில் தண்ணீர் நிரப்பி வரிசையாக நிறுத்தி, "இது கன்னிமாரு தண்ணிக்குடம்" என்றாள் சின்னவள். அம்மாவுக்குப் போட்ட ஊசி என்று பெரியவளுக்குத் தெரியும். அவள் ஒரு குப்பியை மட்டும் பாவாடையில் துடைத்துத் துடைத்துக் கடைசியில் தன் புத்தகப் பையில் போட்டுக்கொண்டாள். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அதன் பிறகு நான் பார்த்துச் சொல்ல வேண்டியவன் ஆகிவிட்டேன். கொட்டகையில் வெல்லக் கொப்பரையை இறக்கியதும் நேரே கொய்யா மரத்தடிக்கு வருவேன். என்ன மாறியிருக்கிறது, யார் எதைச் செய்தது என்று பார்ப்பேன். கேட்டால்தான் தெரியும் என்பதால் கேட்பேன். கேட்டால் அவர்கள் நிறுத்தாமல் சொல்வார்கள். ஒரு நாள் சுண்டைக்காய் அளவுக்கு வெல்ல உருண்டைகள் பிடித்துக் கொடுத்தேன், கன்னிமாருக்குப் படைக்க. மறுநாள் எறும்பு வரிசை.

"எறும்பு வந்துருச்சே, தட்டி விடட்டுமா?" என்றேன்.

"எறும்பு இல்லப்பா. அது அவுக மாடு. மேய வந்திருக்கு" என்றாள் சின்னவள்.

மனைவியிடம் இதைச் சொன்னபோது பக்கத்துக் கட்டில் பெண்களும் சிரித்தார்கள். என் வருகைக்கு அவர்களும் காத்திருக்கத் தொடங்கிவிட்டார்கள். "மாடு பால் கறக்குதுங்களா?" என்று ஒரு அம்மா கேட்டார். அதைக் கொண்டுபோய்ப் பிள்ளைகளிடம் கேட்டேன். அவர்கள் இரண்டு நாள் அதைப் பற்றியே பேசினார்கள்.

மூன்றாவது மாதம் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டி, இன்னும் இரண்டு மூன்று மாதமாவது ஆகும் என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் என் யோசனை. அடுத்த கரும்பு வெட்டுக்குள் அம்மா வந்துவிடுவாள் என்று அவர்களாகவே நாள் குறித்து வைத்திருந்தார்கள். சின்னாறு தாண்டி மலையேறும்போது, ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்து சின்னவள் முகத்தைப் பார்த்ததும் அது முடியவில்லை.

"அம்மா இப்ப வரலை. இன்னும் மருந்து பாக்கி இருக்கு" என்றேன்.

அவள் கொய்யா மரத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "வீடு சரியா கட்டலையா?" என்று கேட்டாள்.

வாசற்படியில் உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துக்கொண்டேன். பெரியவளும் வந்து நின்றாள்.

"வீடு நல்லாத்தான் இருக்கு. நீங்க செஞ்சதுல ஒரு குறையும் இல்ல. ஆனா அம்மாவோட நோயைத் தீர்க்கிறது ஊசியும் மாத்திரையும்தான். அதுக்கு நாளாகும். வீடு அதுக்கில்ல."

"அப்ப எதுக்கு?"

நான் யோசிக்காமல்தான் சொன்னேன். "நான் போயி வீட்டைப் பத்திச் சொன்னா அம்மா சிரிக்கிறா. எந்திரிச்சு உக்காந்து கேக்குறா. பால் குடிக்க மாட்டேன்னு சொல்றவ, கேட்டுக்கிட்டே குடிச்சுடறா."

பெரியவளுக்கு அது போதுமானதாக இருந்தது என்று நினைக்கிறேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள். சின்னவள் என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள். பிறகு, "அப்ப அம்மாவுக்குச் சிரிப்பு வர்ற மாதிரி என்னமாச்சும் செய்யணும்" என்றாள்.

அப்படித்தான் பஸ் வந்தது. தீப்பெட்டியில் செய்த பஸ். அக்காவின் பழைய ரவிக்கைப் பொத்தான்கள் நான்கும் சக்கரம். பெரியவள் முன்னால் ஒரு சின்னக் காகிதத்தில் 'உடுமலை' என்று எழுதி ஒட்டினாள். ஏழு கன்னிமாரும் பஸ் ஏறி அம்மாவைப் பார்க்கப் போகிறார்களாம். கண்டக்டர் ஒரு பொன்வண்டு. பொன்வண்டு டிக்கெட் கொடுக்காமல் ஒவ்வொரு தடவையும் பறந்துவிட்டது. அந்தத் தடவை பெரியவள் முழு இடத்தையும் ஒரு நோட்டுத்தாளில் வரைந்தும் கொடுத்தாள். வாய்க்கால், மூங்கில் மடை, கொய்யா மரம், பஸ் நிற்கும் இடம், எல்லாம் இருந்தன.

மனைவி அந்தத் தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

"ஏனுங்க, கன்னிமாரு ஏழு பேருதானுங்க. எட்டு ஊடு வரஞ்சிருக்கறா?"

நான் எண்ணிப் பார்த்தேன். எட்டுதான். தினமும் பார்க்கிறேன், எனக்குத் தெரியவில்லை. கேட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

ஊருக்கு வந்து சின்னவளிடம் கேட்டேன். மரத்தின் பின்பக்க வேர் ஓரமாக, மற்ற வீடுகளைவிடப் பெரிதாக, நாலு தட்டைக் கல் நட்டு மேலே ஒரு கல் மூடியிருந்தது. நான் முதலில் கட்டிப் பிரித்ததே, அதே கற்கள்.

"அது உங்களுக்கு" என்றாள். "உங்களுக்குத்தான் கை பெருசு. சின்ன வீட்டுல கொள்ளாது."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்கு இறங்கி, வேலையே இல்லாத ஒரு வரப்பைக் கொஞ்ச நேரம் செதுக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த தடவை மனைவியிடம் இதைச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வார்டில் அத்தனை பேர் முன்னால் அவள் அப்படிச் செய்ததேயில்லை.

ஆறு மாதம் முடியும்போது அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரை மட்டும் இன்னும் ஒரு வருடம் என்றார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியபோது பிள்ளைகள் இருவரும் அக்காவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். அவள் அவ்வளவு மெலிந்திருந்தாள். அவர்களுக்கு வெட்கம் தெளிய அரைமணி நேரம் ஆனது. பிறகு ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொய்யா மரத்தடிக்குப் போனார்கள். அவள் ஒரு கல்லில் உட்கார்ந்து, ஒவ்வொரு வீடாகக் குனிந்து உள்ளே பார்த்தாள். கூழாங்கல்லை எடுத்துத் தண்ணீர் விட்டாள். பாசிக்கு வெயில் அதிகம் படுகிறது, நிழல் பக்கம் மாற்றணும் என்று குறை சொன்னாள். அந்தக் குறையைக் கேட்டபோதுதான் அவள் உண்மையிலேயே வந்துவிட்டாள் என்று எனக்கு உறைத்தது.

இரண்டு மாதத்தில் பிள்ளைகள் அந்த இடத்தை மறந்துபோனார்கள். அம்மா வீட்டில் இருந்தாள், வேறு விளையாட்டுகள் வந்தன. நான்தான் அவ்வப்போது போய்க் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஐப்பசி மழையில் அதுவும் போயிற்று. ஆனால் பிள்ளைகளிடம் கேட்கிற பழக்கம் என்னோடு தங்கிவிட்டது. பின்னாளில் அவர்கள் பெரிய படிப்புப் படித்தபோதும், கல்யாணம் பேசியபோதும், எது நடந்தாலும் முதலில் என்னிடம் வந்து சொன்னார்கள். எங்கள் ஊரில் அப்பாக்களுக்கு எளிதில் வாய்க்காத பாக்கியம் அது. எனக்கு அதைக் கொடுத்தது ஒன்பது வயதும் ஐந்து வயதுமான இரண்டு பேர். அக்கா, ஆஸ்பத்திரி வார்டு, அந்த நர்ஸம்மா எல்லாரும் அதில் சேர்த்தி.

மறு வருடம் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வரச்சொல்லியிருந்தார்கள். இந்த முறை நாலு பேருமாகப் போனோம். வார்டில் எல்லாருக்கும் கொடுக்க ஒரு கூடை வெல்ல உருண்டை கொண்டுபோனேன். நர்ஸம்மாவுக்கென்று தனியாக ஏலக்காய் போட்டு உருட்டியது ஒரு பொட்டலம். அவர் மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். எங்கே என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் அங்கே இருந்த புது நர்ஸிடம் கொடுத்தேன். அவர் அங்கேயே பிரித்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "நல்ல மணம்" என்றார்.

படம் சுத்தமாக இருந்தது. டாக்டர் அறையிலிருந்து நாங்கள் வெளியே வந்தபோது சின்னவளைக் காணோம். தேடிக்கொண்டு போனால், வார்டின் வெளிப்பக்கம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளே அவள் அம்மா படுத்திருந்த கட்டிலில் இப்போது வேறொரு பெண், தலையணையில் சாய்ந்து இவள் பக்கமாகத் திரும்பியிருந்தாள்.

"ஏஞ்சாமி, அந்த எறும்பு மாடு கன்னு போட்டுச்சா?" என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இருந்தும் மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். மகள் சொல்லி முடிக்கும்வரை நின்றோம்.